நாய்க்குட்டியோடு வந்த ஊசி அட்டையில் ஸ்டிக்கர் இல்லை. போட்டதாகக் கணக்கில் எடுக்கலாமா?

கல்மண்டபத்துக்காரி
ஞாயிறு, காலை 9.40

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. லேப் (லாப்ரடார்) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காதையும் வாலையும் பார்த்தால் பாதி நம்ம தெரு ரத்தம் என்று தோன்றுகிறது. அது போகட்டும், பையனுக்குப் பிடித்துப்போய்விட்டது. இன்றோடு 55 நாள் வயது.

குட்டியோடு ஒரு அட்டையும் கொடுத்தார்கள். ‘முதல் ஊசி முடிந்தது’ என்று பேனாவில் எழுதி, பக்கத்தில் ஒரு கிறுக்கல். முத்திரை இல்லை, டாக்டர் பெயர் இல்லை. தேதியை வைத்துப் பார்த்தால் அன்று குட்டிக்கு 33 நாள்தான். விற்றவரிடம் போனில் கேட்டேன். “நானே போட்டேன்க்கா, இன்னும் ஒண்ணு போட்டா முடிஞ்சுது” என்கிறார்.

என் மாமியாருக்கு அந்த இன்னொன்றும் வேண்டாம். வீட்டுக்குள் கிடக்கிற நாய்க்கு வெறி எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. அவர் காலத்தில் மீன் தலையும் சோறும் போட்டு வளர்த்தார்களாம், எந்த நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லையாம். (ஆன நாய்களை யார் கணக்கு வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அதே வீட்டில்தானே இருக்க வேண்டும்.)

ஏற்கெனவே ஒரு பூனையும் உண்டு. காசிமேட்டிலிருந்து என் கணவரின் வண்டியில், மீன் பெட்டிகளுக்கு நடுவே ஏறி வந்தது. இரண்டு வருடமாக இங்கேதான். அதற்கு இதுவரை ஒரு ஊசியும் போட்டதில்லை.

இந்த அட்டையை நம்பி அடுத்த ஊசிக்குப் போகலாமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பூனைக்கும் அவசியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வியாசை 39
ஞாயிறு, காலை 10.15

நம்பாதீர்கள் அக்கா. இதே மாதிரி ஒரு அட்டையை நம்பித்தான் நான் என் முதல் குட்டியை இழந்தேன்.

என் குட்டிக்கு அட்டையில் இரண்டு ஊசி எழுதியிருந்தது. சரி, முடிந்துவிட்டது என்று தெருவில் விட்டு விளையாடவிட்டேன். ஒரு சனிக்கிழமை சாப்பிடவில்லை. வெயில் என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் நுரை நுரையாக வாந்தி, மதியத்துக்குள் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். டாக்டர் வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்து “பார்வோ” என்றார். குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய் அது. ஊசி போட்டாச்சே என்று அட்டையை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு “ஸ்டிக்கர் எங்கே?” என்று கேட்டார். எனக்கு அப்போது அந்தக் கேள்வியே புரியவில்லை. மூன்று நாள் டிரிப் ஏற்றினோம். புதன்கிழமை விடியற்காலையில் போய்விட்டது.

உண்மையான மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் அதை உரித்து அட்டையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணோடு முத்திரை வைப்பார். அது இல்லாத அட்டை மளிகைக் கடைத் துண்டுச் சீட்டு மாதிரிதான்.


மாட்டு டாக்டர் (ஓய்வு)
ஞாயிறு, பகல் 12.05

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது பெரம்பூரில் பேரப்பிள்ளைகளுக்குக் காவல்.

தம்பி சொன்னது சரி, முதலிலிருந்து தொடங்குங்கள் அம்மா. அந்த ஊசியை நிஜமாகவே போட்டிருந்தாலும் என் பதில் இதுதான். காரணத்தைச் சொல்கிறேன், மாமியாரிடம் பேச உதவும்.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது குடல் வழியாக அப்படியே ரத்தத்தில் சேரும். ஒரு நாளைக்குள் அந்த வாசல் மூடிவிடும், அதற்குள் வாங்கியதுதான் குட்டியின் கையிருப்பு. ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே வரும். கையிருப்பு நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், மருந்தையும் நோயென்று நினைத்துத் தாயின் சக்தி அதை அழித்துவிடும். குட்டியின் உடம்பு ஒன்றும் கற்றுக்கொள்ளாது. 33ஆம் நாளில் போட்ட ஊசி பெரும்பாலும் இப்படித்தான் வீணாகும்.

இதில் இன்னொரு வம்பு இருக்கிறது. கையிருப்பு குறையும்போது இடையில் சில நாட்கள், நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும் என்ற அளவில் நிற்கும். அந்த நாட்கள் எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்று வெளியே இருந்து தெரியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும். அதனால்தான் ஒரு ஊசி போதாமல் தொடராகப் போடுகிறோம். 8 வாரத்தில் ஒன்று, மூன்று நான்கு வாரம் விட்டு ஒன்று, கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னால் முடியக் கூடாது. எத்தனை ஊசி போட்டோம் என்பதைவிட இந்தக் கடைசி ஊசியின் வயதைத்தான் நான் பார்ப்பேன். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி அது. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி தனி. மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று, நம்மூர் மாதிரி இடத்தில் ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடா வருடம்.

விற்றவர் தானே போட்டதாகச் சொல்வதும் இடிக்கிறது. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு குப்பியில் பொடி, இன்னொன்றில் கரைக்கும் திரவம். கலந்ததும் போட்டுவிட வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் வண்டியில் சுற்றிய மருந்துக்கு எந்த அட்டையும் உயிர் கொடுக்காது.

முதலில் மலத்தைச் சோதித்துப் பூச்சி மருந்து கொடுங்கள். பேதியோ காய்ச்சலோ இருந்தால் சரியான பிறகு ஊசி. போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். முகம் வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ அங்கேயே பார்த்துவிடலாம். ஒரு நாள் சோம்பிப் படுத்திருப்பது சகஜம்.


மிண்ட் கணக்குப்பிள்ளை
ஞாயிறு, மாலை 6.30

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டு மணி ஒரு ஊசியும் இல்லாமல் 13 வருடம் இருந்தது. கூட்டு ஊசி வருடா வருடம் வேண்டும் என்பது வியாபாரம். மனிதப் பிள்ளைக்குச் சின்ன வயதில் போட்டதோடு விடுகிறோம், நாய்க்கு மட்டும் ஏன் ஆயுள் சந்தா?


மாட்டு டாக்டர் (ஓய்வு)
ஞாயிறு, இரவு 8.10

பாதி சரி, ஐயா. டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் குட்டிப் பருவத் தொடரும் அடுத்த பூஸ்டரும் ஒழுங்காக முடிந்தால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றுதான் உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலும் சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிற டாக்டரை மாற்றுங்கள். ஆனால் எலிக்காய்ச்சலுக்கு எதிரான சக்தி ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது. ரேபிஸ் ஊசியை நம்மூரில் வருடா வருடம் போடுகிறோம், அதைக் குறைக்கச் சொல்ல என் மனசு வராது.

மணி 13 வருடம் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம், அதன் அதிர்ஷ்டம். அதே தெருவில் எத்தனை குட்டிகள் மூன்று மாதம் தாண்டவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.


வியாசை 39
ஞாயிறு, இரவு 8.45

இன்னொன்று சொல்ல மறந்தேன். குட்டி செத்த வீட்டில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவரக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் இரண்டாவதும் போனது. பார்வோ கிருமி நிழலான மண்ணில் மாதக் கணக்கில், ஒரு வருடம் வரைகூட இருக்கும். வாசம் அடிக்கிற பினாயிலுக்கெல்லாம் அது சாகாது, குளோரின் இருக்கிற ப்ளீச்தான் வேண்டும். நான் எட்டு மாதம் காத்திருந்து, வெளியிலேயே ஊசித் தொடர் முழுவதும் முடித்த குட்டியைத்தான் எடுத்து வந்தேன். இப்போது அதற்கு நாலு வயது. செருப்பு ஒன்றுகூட மிச்சம் வைக்காது.


கருவாட்டுப் பூனை
ஞாயிறு, இரவு 9.20

பூனையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எப்போதும் இப்படித்தான்.

நான் காசிமேட்டுப் பக்கம் பதினைந்து பூனைகளுக்குச் சோறு வைக்கிறவள். பார்வோவின் பங்காளி ஒன்று பூனைக்கும் உண்டு, பான்லூக்கோபீனியா என்று பெயர். அதே வாந்தி, அதே பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். ஏலக்கூடம் பக்கம் ஒரு மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் ஆறு குட்டிகளை அள்ளினேன். சினைப் பூனைக்கு அது வந்து பிழைத்தால், பிறக்கும் குட்டிகள் சில நேரம் குடித்தவன் மாதிரி ஆடி ஆடி நடக்கும். மூளையில் நிதானம் தருகிற பகுதி வளராமல் போவதால். அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு வராது என்று நினைக்க வேண்டாம். கிருமி செருப்பில் ஏறி வரும். உங்கள் கணவர் தினமும் துறைமுகத்துக்குப் போய் வருகிறார் அல்லவா, அது போதும். கண் ஒட்டிக்கொள்வது, மூக்கொழுகல், நாக்கில் புண் என்று வரும் இன்னும் இரண்டு வைரஸ்களையும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுவார்கள். வளர்ந்த பூனைக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு. ரேபிஸ் தனி. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் ரேபிஸ் வரலாம், நாய் மட்டும்தான் என்று இல்லை.

தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொல்வார்கள். என் கையில் இருக்கும் தழும்பைக் காட்டவா? மூடியுள்ள கூடை வாங்குங்கள். முந்தின நாளே திறந்து வைத்து உள்ளே கருவாடு போட்டால் தானாகப் போய்ப் படுக்கும்.


எண்ணூர்க் கழிமுகம்
திங்கள், காலை 7.05

டாக்டர் எலிக்காய்ச்சல் என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். நம்ம பக்கத்துக்கு அதுதான் பெரிய விஷயம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், அதன் மேல் எண்ணெய். எங்கள் ஜிம்மி மூன்று நாள் அந்தத் தண்ணீரில் போய் வந்தது. உடம்பில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதிலேயே எங்கள் கவனம் எல்லாம் இருந்தது. பத்து நாள் கழித்துப் படுத்துவிட்டது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக, சிறுநீர் காபி நிறத்தில். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தண்ணீரில் இருக்கும் கிருமி காலில் இருந்த சின்னக் காயம் வழியாகவே உள்ளே போயிருக்கலாம் என்றார் டாக்டர். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்துவிட்டது. ஜிம்மி பிழைத்தது, ஆனால் பழைய ஜிம்மி இல்லை.

நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கையுறை போட்டுத்தான் துடைத்தோம். கூட்டு ஊசியில் ‘எல்’ என்று ஒரு எழுத்து வரும், அது இதற்குத்தான். எல்லா வகைக் கிருமியையும் அது தடுக்காது, ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்த வருட ஊசி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது அட்டையையும் எடுத்துப் பார்த்துவிடுவேன்.


கல்மண்டபத்துக்காரி
செவ்வாய், இரவு 8.50

நாளைக்கு டாக்டரிடம் போவதாக இருந்தோம். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. பையன் விளையாடும்போது குட்டி கட்டை விரலைக் கடித்துவிட்டது. பால் பல்தான், ஆனால் ஊசி குத்தின மாதிரி இரண்டு புள்ளி ரத்தம். அத்தை சுண்ணாம்பு வைத்துவிட்டார்கள். குட்டி நன்றாகத்தான் ஓடியாடுகிறது. காலை வரை பார்க்கலாமா?


தொப்புள் 14
செவ்வாய், இரவு 8.56

பார்க்காதீர்கள் தாயி. சுண்ணாம்பைக் கழுவி எடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குப் போங்கள். இரவிலும் அவசரப் பிரிவு உண்டு, ஊசி இலவசம்.


மாட்டு டாக்டர் (ஓய்வு)
செவ்வாய், இரவு 9.01

அதேதான். குட்டிக்கும் ரேபிஸ் வரலாம். அதன் தாயை யார் கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. குட்டியைப் பத்து நாள் கவனியுங்கள். ஆனால் கவனித்துக்கொண்டே ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, இன்றே தொடங்க வேண்டும். ரத்தம் வந்த கடி என்று மறக்காமல் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து அதற்குத்தான். இந்த நோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் கிடையாது அம்மா. கிளம்புங்கள்.


தொப்புள் 14
செவ்வாய், இரவு 10.30

அவர்கள் வரும் வரை என் கதை. பெயர்க் காரணம் கேட்டு முன்பே இரண்டு பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

எண்பதுகளில், தண்டையார்பேட்டையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கெண்டைக்காலில் கடி. வீட்டில் மிளகாய்த்தூள் வைத்துக் கட்டினார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா பார்த்துவிட்டுக் கத்தியதால் ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி, நாளுக்கொன்று. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அதைத் தயாரித்தார்கள். வலியைவிட மறுநாள் இன்னொன்று என்ற நினைப்புதான் கொடுமை. அந்த மருந்தை 2004 கடைசியோடு நாட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில், கொசு கடித்த அளவுதான்.

நம்ம ஊரில் சிலர் நாய் கடித்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு அந்தத் தொப்புள் ஊசியின் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அத்தைக்கும் அதுவாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.


மிண்ட் கணக்குப்பிள்ளை
புதன், காலை 6.40

பையன் எப்படி இருக்கிறான்?


கல்மண்டபத்துக்காரி
சனி, மாலை 5.15

நன்றாக இருக்கிறான். அன்றிரவே போனோம். காயத்தைச் சுற்றிப் போட்டபோதுதான் அழுதான், கையில் போட்டது தெரியவேயில்லை. அன்று ஒன்று, மூன்றாம் நாளுக்கு நேற்று ஒன்று. இனி ஏழாம் நாள், 28ஆம் நாள்.

அத்தையைக் கேட்டேன். அவருடைய அண்ணனுக்குத் தொப்புள் ஊசி போட்டதாம், ஐந்தாவது ஊசியோடு ஓடிப்போய்ப் பத்திரகிரித் தெருவில் ஒளிந்துகொண்டாராம். இத்தனை வருடத்தில் இந்தக் கதையை எங்களிடம் சொன்னதே இல்லை.

குட்டியை வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். 1903இலிருந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியாம். என் மாமனாரின் அப்பா ஜட்கா வண்டிக் குதிரையை அங்கேதான் காட்டுவாராம், அதையும் அத்தைதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கூட்டம் அதிகம், காலையிலேயே போய் சீட்டு வாங்குவது நல்லது. பழைய அட்டையைப் பார்த்த டாக்டர் ஒன்றும் சொல்லாமல் புது அட்டை எடுத்தார். ஸ்டிக்கர் ஒட்டினார்கள், வியாசைத் தம்பி. பேட்ச் எண்ணைப் படித்துப் பார்த்தேன்.

இன்னும் ஒரு சந்தேகம். தொடர் முடியும் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டுமா?


மாட்டு டாக்டர் (ஓய்வு)
சனி, இரவு 7.00

தரையில் விட வேண்டாம், அவ்வளவுதான். தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு, ரயில் சத்தம், மேளச் சத்தம் எல்லாம் காட்டுங்கள். மூன்றரை மாதத்துக்குள் இதையெல்லாம் பார்க்காத நாய், பிறகு எதைப் பார்த்தாலும் மிரளும், மிரண்டால் கடிக்கும். ஊசி போட்ட ஆரோக்கியமான நாய் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.


வியாசை 39
சனி, இரவு 7.20

ரேபிஸ் ஊசி போட்டதும் மாநகராட்சி உரிமம் எடுத்துவிடுங்கள் அக்கா. ஆன்லைனில் 50 ரூபாய்தான், அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவித்தார்கள். வேப்பேரி தூரம் என்றால் திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையமும் இருக்கிறது.


கல்மண்டபத்துக்காரி
சனி, இரவு 7.45

சரி தம்பி. அடுத்த வாரம் பூனை. அதற்குத்தான் கூடை இல்லை. யாரிடமாவது மூடி போட்டது இருந்தால் ஒரு நாளைக்குக் கொடுங்கள்.


கருவாட்டுப் பூனை
சனி, இரவு 7.52

என்னிடம் மூன்று இருக்கிறது. ஒன்றில் ஒரு தாய்ப் பூனை குட்டி போட்டுவிட்டது, அதைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தனிச் செய்தி அனுப்புங்கள்.